உப்பு லாரியில் ஏற மறுத்தவர்

அம்மாடி,

பக்கத்து அறையில் தூங்கி எழுகிற மகளுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நீ எங்கேயும் பார்த்திருக்க மாட்டாய். நேற்றுச் சாயங்காலம் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, நான் எழுதியிருந்த முதல் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாய். "சுயம்பு, உடைவிளைன்னு போட்டிருக்கே, யாருப்பா இது? சொந்தமா?" என்று கேட்டாய். நான் முந்தாநாள் செய்தித்தாளை எடுத்துப் புதிதாகப் படிப்பதுபோல் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அடுக்களையிலிருந்து உன் அம்மா, "சொல்லுங்களேன், வாய்ல என்ன உப்புக்கட்டியா இருக்கு?" என்று குரல் கொடுத்தாள். வேண்டுமென்றேதான் உப்பை இழுத்தாள். என்னைப் பேச விட்டால் நடுவில் ஏதாவது வேடிக்கை சொல்லி நழுவிவிடுவேன். எழுதினால் நழுவ முடியாது என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் ஊன்றிப் படித்தவனின் எழுத்து. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பிறப்பதற்கு முந்தைய வருடங்களை நினைத்தால் எனக்கு நாக்கில்தான் முதலில் ஞாபகம் வரும், ஒரு கரிப்பு. எழுபதுகளின் நடுப்பகுதி. முத்தையாபுரத்தில் ஒற்றை அறை வீடு. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகள் விடிய விடிய அதிர்ந்ததில் சுவரிலிருந்த காலண்டர் தானாக ஆடும். நான் உப்பு லாரி டிரைவர். காக்கிச் சட்டை, மேலே முறுக்கிவிட்ட மீசை, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. அந்தக் காலப் புகைப்படத்தைப் பார்த்து நீ சிரித்திருக்கிறாய், சிரிக்க வேண்டியதுதான். காலையில் காலி லாரியோடு புறப்பட்டால் பழையகாயல், முக்காணி, ஆற்றுப் பாலம், ஆத்தூர் எல்லாம் தாண்டி ஆறுமுகநேரி உப்பளம். அங்கே ஏற்றிக்கொண்டு திரும்பி, மத்தியானத்துக்குள் தூத்துக்குடி கிட்டங்கியில், கிடங்கைத்தான் அப்படிச் சொல்வோம், இறக்க வேண்டும். ஆத்தூரில் லாரியை ஓரங்கட்டி, உன் அம்மாவுக்கு ஒரு கவுளி வெற்றிலை வாங்காமல் நான் வீடு திரும்பிய நாள் கிடையாது. முத்துக் குளித்த கடற்கரையில் பிறந்தும் அவளுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தது வெற்றிலையும் உப்புப் படிந்த சட்டையும்தான். அவள் அதற்கே வாசலில் நின்றாள். அந்த நிற்பை நினைத்தால் இப்போதும் வயது குறைகிறது.

உப்பு லாரியைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கழுவக் கூடாது. பலகை ஈரமானால் அடுத்த லோடு உப்பு கசிந்து போகும். துடைப்பத்தால் பெருக்கலாம், அவ்வளவுதான். அதனால் பலகை இடுக்கிலும் ஆணித் தலையிலும் மூலைகளிலும் எப்போதும் வெள்ளை பூத்தே இருக்கும். முதலாளி எந்தத் தப்பையும் பொறுப்பார், லாரியில் தண்ணீர் பட்டால் மட்டும் பொறுக்க மாட்டார்.

நீ பிறந்த வருடம், ஆனி மாதம். மேல்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை ஆறுமுகநேரி டீக்கடையில் எல்லோரும் மேற்கே கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மத்தியானம் செம்மணல் தேரிக்காட்டில் தீப்பிடித்து, உடைமரப் புதர்களைத் தின்றுகொண்டே வந்து, பனங்காட்டுக்குள் புகுந்துவிட்டதாம். பனைமரத்தில் காய்ந்த ஓலை பாவாடை மாதிரி தொங்கும் இல்லையா, ஒரு மரம் பற்றினால் காற்று அதை அடுத்த மரத்துக்கு வீசிக் கொடுக்கும். காட்டுக்கு நடுவே இருந்த உடைவிளை என்கிற சின்ன ஊர், முழுக்க ஓலைக் குடிசைகள், ஒரு மணி நேரத்தில் கரிக்கோடாகிவிட்டது. கடன்காரன் கண்ணைப் போல் சிவந்த அந்த மணல்மேட்டைத் தாண்டி உதவிக்குப் போக யாருக்கும் வண்டி கிடைக்கவில்லை. நான் டீயைப் பாதியில் வைத்தேன். உப்பளத்துக்குத் திரும்ப வேண்டிய லாரியை மேற்கே திருப்பினேன். மீசையை ஒரு தரம் தடவிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ரோட்டோரத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் தீப்புண். இரண்டு பஸ் வந்தும் ஏற முடியவில்லையாம், கூட்ட நெரிசலில் யார் மேலாவது உரசினால் உயிர் போகிற வலி. அவர்களில் ஒருவர்தான் சுயம்பு அண்ணாச்சி. பனையேறி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதநீர் காய்ச்சுகிற விடிலிக் குடிசைக்குள் மாட்டிக்கொண்ட மனைவியை வெளியே இழுப்பதற்காக, எரிகிற கூரை ஓலையை வெறுங்கையால் பிய்த்து எறிந்திருக்கிறார். மனைவி தங்கபுஷ்பம் மதினிக்கு முதுகில் கொஞ்சம் காயம், அவருக்கு இரண்டு உள்ளங்கையும் போய்விட்டன. கைகளை யாரையோ கும்பிடப்போகிறவர் மாதிரி முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேபினுக்குள் ஏற்றியிருக்கலாமே என்று நீ கேட்பாய். அந்தக் கால லாரியில் எஞ்சின் சூடு முழுக்கக் கேபினுக்குள்தான். நல்ல தோல்காரனுக்கே வெந்துவிடும். அதனால் ஒன்பது பேரையும் பின்னால் பலகையில் ஏற்றினேன். பெருக்கக்கூட இல்லை. அவசரத்தில் பெருக்குவானேன் என்று நினைத்தேன்.

லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவர் கேபின் கூரையில் ஒரே ஒரு தட்டு தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். படபடவென்று தட்டினால் ரோடு காலி, விரட்டு என்று அர்த்தம். கொஞ்ச தூரம் போனதும் படபடவென்று தட்டினார்கள். நான் விரட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். இன்னும் விரட்டினேன். என் ஓட்டத்தை மெச்சுகிறார்கள் என்றே நினைத்தேன் அம்மாடி. வேகம் கூடக் கூட, காற்று மூலைகளில் கிடந்த உப்புத்தூளைக் கிளப்பி அந்தப் பச்சைப் புண்களில் வாரி அடித்துக்கொண்டிருந்தது. பனையேறிகளுக்கு லாரி வழக்கம் எப்படித் தெரியும்? தட்டியது தங்கபுஷ்பம் மதினி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி முக்காணியில் மாடு குறுக்கே வந்ததால்தான் நின்றேன். மாடு வராவிட்டால் ஆஸ்பத்திரி வாசல்வரை நிறுத்தியிருக்க மாட்டேன்.

பின்னால் போய்ப் பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன். சுயம்பு அண்ணாச்சி கையை ஊன்ற முடியாமல் முதுகாலேயே சறுக்கி இறங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிகிறது. ஆனால் குரல் நடுங்கவில்லை. "ஏலே, எங்கள ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போறியா, இல்ல கருவாடு போடக் கொண்டு போறியா?" என்று கேட்டார்.

"அண்ணாச்சி, தெரியாம..."

"எரிச்சது பத்தாதுன்னு ஊற வேற வைக்க வந்துட்டான். ஏளா, இறங்கு. நடந்தே செத்தாலும் செத்துட்டுப் போவோம்."

அவர்கள் இருவரும், கூட இன்னும் இரண்டு பேரும் இறங்கி, வந்த மாட்டுவண்டி ஒன்றை நிறுத்தி ஊருக்கே திரும்பிவிட்டார்கள். மீதி ஐந்து பேர், திரும்பிப் போகக்கூடத் தெம்பில்லாதவர்கள். ஆற்றோரத்து வாழைத் தோட்டக்காரர் ஒருவர் தானாக ஓடிவந்து, தலைவாழை இலைகளாக வெட்டித் தந்தார். அவற்றை விரித்து, ஆட்களைப் படுக்கவைத்து, மேலேயும் மூடி, மாட்டைவிட மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற அறையில் நாசரேத்துக்கார நர்ஸம்மா ஒருவர் இருந்தார். புண்களைக் கழுவிக்கொண்டே, "இவ்வளவு உப்பு எங்கன இருந்து வந்துது? யாரு கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார். நான் முன்னே வந்து நின்றேன். "நீரு படிச்சிருக்கீரா?" என்றார். எட்டாவது என்றேன். "புண்ணுல உப்பு படக்கூடாதுன்னு தெரிய ரெண்டாவது போதும்வே" என்றார். அறையில் வலியோடு படுத்திருந்தவர்களே சிரித்தார்கள். பிறகு, இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார். சுயம்பு அண்ணாச்சியின் கையைப் பற்றிச் சொன்னேன். நர்ஸம்மாவின் முகம் மாறிவிட்டது. "விரல் விரலா பிரிச்சு வச்சுக் கட்டணும். இல்லன்னா ஆறும்போது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கை மூடுனபடியே நின்னுரும். பனையேறின்னு வேற சொல்லுதீரு. ரெண்டு மூணு நாளைக்குள்ள கொண்டாரும். ஒரு நாளு தள்ளுனா ஒரு விரலுன்னு வச்சுக்கிடும்."

அடுத்த நாளே உடைவிளைக்குப் போனேன். கரிந்த பனைகளுக்கு நடுவே ஓலையைச் சாய்த்து நிழல் கட்டி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். கையில் கற்றாழைச் சோற்றை அப்பி, பழந்துணியால் இரண்டையும் பொட்டலமாகச் சுற்றியிருந்தார்கள். "லாரியக் கழுவிட்டேன் அண்ணாச்சி, வாரும்" என்றேன். உண்மையில் கழுவியிருந்தேன், முதலாளிக்குத் தெரியாமல். அவர் எழுந்து வந்தார். கையால் தொட்டுப் பார்க்க முடியாதே, அதனால் குனிந்து, பின்பலகையை நாக்கால் நக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எந்தத் தண்ணியில கழுவுன?"

"உப்பளத்து வாய்க்கால்ல."

"கடல்தண்ணி."

"ஆமா அண்ணாச்சி."

"உப்பக் கடல்தண்ணியில கழுவிக் கொண்டாந்திருக்கான் பாத்தியாளா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நிழலுக்குத் திரும்பிப் போய்விட்டார். வெயிலில் காய்ந்த பலகை முன்னைவிட வெள்ளையாக இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. லோடு ஏற்றினேன், இறக்கினேன், வெற்றிலை வாங்கினேன். மனதுக்குள் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தவனை உன் அம்மா உலுக்கிக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது நீ அவள் வயிற்றில் ஏழு மாதம். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கு லாரிக்கு லீவுதான? ஆத்துல போய்க் கழுவுவோம், நானும் வாரேன்" என்றாள். முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவாரே என்றேன். "அவருக்கு லாரி இருக்கு, வேற டிரைவர் வருவான். அந்த மனுசனுக்கு வேற கை வருமா?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் முக்காணியில் தாமிரபரணிக் கரையில் லாரியை இறக்கினேன். உன் அம்மா மருதமரத்து நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு மேஸ்திரி வேலை பார்த்தாள். "அந்த ஆணிக்கு அடியில. அந்தச் சங்கிலிக் கண்ணியில. கண்ணத் தொறந்து தேயுங்க." தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து என் விரல்கள்தான் ஒட்டிக்கொண்டன. வாளி வாளியாக ஆற்றுத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, எத்தனையோ வருட உப்பு கரைந்து பால்போல் வழிந்தது. பலகைக்கு ஒரு நிறம் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தேக்கு நிறம். அந்தக் காலைப் பொழுதை மட்டும் யாராவது திருப்பிக் கொடுத்தால், முட்டாளாகவே அதற்குள் திரும்பிப் போய்விடுவேன்.

அங்கிருந்து உடைவிளைக்குப் போனோம். அண்ணாச்சி வெளியே வரவே இல்லை. உன் அம்மா அவரைக் கூப்பிடவும் இல்லை. ஏணி வைக்கச் சொல்லி மெதுவாக லாரியில் ஏறி, நட்டநடுப் பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். தூக்குவாளியைத் திறந்தாள். உப்புப் போடாமல் வடித்த சோறு. இலை போடாமல், தட்டு வைக்காமல், வெறும் பலகையில் சோற்றைக் கொட்டி, கையால் பலகையோடு சேர்த்து நன்றாகப் பிசைந்தாள். ஊரே வந்து சுற்றி நின்று பார்த்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். இரண்டாவது கவளத்தில் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "சே, சப்புன்னு இருக்கு. ஒரு கல்லு உப்பு கொண்டாங்க யாராவது, எறங்க மாட்டேங்குது" என்றாள்.

நிழலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சுயம்பு அண்ணாச்சி எழுந்து வந்தார். குனிந்து பலகையை நக்கிப் பார்த்தார். பிறகு தங்கபுஷ்பம் மதினியிடம், "ஏளா, வயித்துப் பிள்ளக்காரி உப்பில்லாச் சோறு தின்னுட்டு உக்காந்திருக்கா. இதுக்கு மேல ஏறலன்னா நான் மனுசனா? வா" என்றார். வாழையிலை விரித்து நால்வரையும் ஏற்றினோம். உன் அம்மா அவர்களோடு பின்னாலேயே உட்கார்ந்து வந்தாள். கேபின் கூரையில் எப்படித் தட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிக் கொடுத்தேன். வழியில் ஏழு முறை ஒற்றைத் தட்டு கேட்டது. ஏழு முறையும் நிறுத்தினேன். அதில் இரண்டு தடவை அண்ணாச்சி மதினியைச் சும்மா தட்டச் சொல்லிப் பார்த்ததாம், நிற்கிறேனா என்று.

நர்ஸம்மா பொட்டலத்தைப் பிரித்தபோது நான் வெளியே வராந்தாவில் நின்றிருந்தேன். அரை மணி கழித்து வந்து சொன்னார். இடது கை பிழைத்துக்கொள்ளும். வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் பிரித்துவிட்டோம். மற்ற இரண்டும் உள்ளங்கையோடு மடிந்து ஒட்டிவிட்டன. "ரெண்டாம் நாளே வந்திருந்தா..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் இருந்தார். லாரியைக் கழுவியதற்கு எனக்கு முதலாளி கொடுத்த தண்டனை ஒரு வாரம் ஸ்டியரிங்கைத் தொடாமல் கிட்டங்கியில் சாக்குத் தைப்பது. அதனால் அந்த வாரம் தினமும் உன் அம்மா கொடுத்துவிட்ட சோற்றை நடந்தே கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. படுத்துக் கிடந்த நாட்களில் அந்த மனுசர் ஆஸ்பத்திரியையே படித்து முடித்துவிட்டார். சீட்டு எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள், எந்த வாசலில் நின்றால் டாக்டரைப் பார்க்கலாம், எந்தக் கம்பவுண்டருக்குக் காது கேட்காது, எல்லாம் அத்துப்படி. ஊர் திரும்பியதும் அவரால் பனை ஏற முடிந்தது. ஆனால் பாளை சீவுகிற அரிவாள் கையில் நிற்கவில்லை. மதினி மற்றவர்களின் பதநீரைக் காய்ச்சினாள், இவர் விறகு சுமந்தார். தேரிக்காட்டில் யார் மரத்திலிருந்து விழுந்தாலும், பாம்பு கடித்தாலும், பிரசவம் சிக்கலானாலும், ஆஸ்பத்திரி என்றாலே நடுங்கிய அந்த ஜனங்களைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நிற்பார். நான் அந்த வழியில் காலியாக வந்தால் ஏற்றிக்கொள்வேன். யாரையும் ஏற்றுமுன் அவர் பலகையை ஒருதரம் நக்கிப் பார்ப்பார். கேபினில் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீரும் ஒரு பாயும் எப்போதும் வைத்திருந்தேன். சில நாள் நக்கிவிட்டு, "இந்த மூலைய இன்னொரு தரம்லே" என்பார். மறுபேச்சில்லாமல் ஊற்றித் துடைப்பேன்.

அந்த இரண்டு விரல்களைப் பற்றி நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன், பீடி பற்றவைத்துக் கொடுத்தேன். கேட்க மட்டும் வாய் வரவில்லை. நான்கைந்து வருடம் கழித்து, ஒரு கர்ப்பிணியைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது ஆத்தூர் டீக்கடையில் தொடங்கினேன். "அண்ணாச்சி, அன்னிக்கு மட்டும் மதினி தட்டுன சத்தத்துக்கு நான் நிறுத்தியிருந்தா..." அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நிறுத்தாம போனது உன் முட்டாத்தனம். இறங்கிப் போனது என் வீம்பு. ஆளுக்கு ஒரு விரலு, ஏலே. இதப் போய் இத்தன வருசமா சுமக்கியே, டீயக் குடி."

ஆளுக்கு ஒரு விரல். இதைவிட நியாயமான கணக்கை எனக்கு யாரும் தீர்த்துக் கொடுத்ததில்லை.

லாரி விற்றுப்போய், நான் துறைமுகத்தில் வாட்ச்மேன் ஆகி, நாம் டவுனுக்குள் குடி வந்தபோது உனக்கு ஆறு வயது. அதனால் உனக்கு அவரைத் தெரியாது. ஆனால் வருடா வருடம் ஆடி கழிந்ததும் பஸ்ஸில் வருகிற ஓலைக் கொட்டானும் அதிலிருக்கிற கருப்பட்டியும் உனக்குத் தெரியும். சின்ன வயதில் பாதிக் கொட்டானை நீயே தின்றாய். அது அவர் வீட்டிலிருந்து வந்தது.

புதுக் குடித்தனத்துக்குப் போகிறவளுக்கு அப்பன் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. யாருக்காவது நல்லது செய்யப் போகிறாய் என்றால், அவர்களை உட்காரவைக்கப்போகிற இடத்தில் முதலில் நீ உட்கார்ந்து பார். உன் அம்மா அப்படித்தான் செய்தாள். இன்னொன்று, பின்னாலிருந்து சத்தம் கேட்டால், அது உன்னை மெச்சுகிற சத்தம் என்று நீயாக முடிவு செய்துவிடாதே. நிறுத்து, இறங்கிப் போய்க் கேள். மாப்பிள்ளைக்கும் இதைச் சொல்லிவை. நான் இன்னும் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதை உன் அம்மாவே சொல்லுவாள், அவளும் இத்தனை வருடமாகக் கூரையைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

போன மாதம் உடைவிளைக்குப் போயிருந்தேன். இப்போது காரை வீடுகள் வந்துவிட்டன. மதினிக்குக் கண் பார்வை குறைந்திருக்கிறது. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், "ஏலே, உப்பு" என்றார். உன் கல்யாணத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார், ஆனால் வரத் தயங்கினார். நல்ல காரியங்களில் அவர் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாராம். மணமக்களுக்குத் திருநீறு பூசக் கூப்பிட்டால், மடங்கிய கையை எதற்குப் பிள்ளைகள் நெற்றிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எழுந்து வெளியே போய்விடுவாராம்.

அதனால்தான் அந்தப் பெயரை முதலில் எழுதினேன். அந்தக் கேள்விக்குறியை நீயே அழித்துவிடு. நாளை மறுநாள் நானும் அம்மாவும் பத்திரிகை வைக்க உடைவிளைக்குப் போகிறோம், நீயும் எங்களோடு வா. முகூர்த்தத்தன்று தாலி ஏறியதும், தாய்மாமன்கள் வரிசையாக நிற்பார்கள், அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நீயும் மாப்பிள்ளையும் பின்வரிசைக்கு நடந்து போங்கள். திருநீற்றுத் தட்டை அவர் முன்னால் நீட்டு. அவர் இடது கையை நீட்டுவார். விடாதே. துண்டுக்குள் இருக்கிற அந்தக் கையைத்தான் கேள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன அம்மாடி. ஒரு சிட்டிகை திருநீறு எடுக்க அந்த மூன்று போதும்.